லிவர் கெட்டியா, தொளதொளப்பா?

கொல்லிமலையில் இருந்து பைக்கில் இறங்கும்போது டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை என்று யார் சொன்னாலும், நான் முதலில் கேட்பது இதைத்தான்: கையால் பிடிக்கும் பிரேக் லிவர் கெட்டியாக இருந்ததா, தொளதொளவென்று உள்ளே போய்விட்டதா?

கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட், தாங்கும் அளவைத் தாண்டிச் சூடேறியிருக்கிறது. கருகிய வாடையும் வரும். ஓரங்கட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

லிவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறதென்றால் கதை வேறு. பேட்டைத் தாங்கும் காலிபருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. எண்ணெயை அழுத்தினால் அந்த அழுத்தம் பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதற்கு மலையை மட்டும் குறை சொல்லக் கூடாது. டாட் 4 (DOT 4) என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே தரம் கேட்பது வெறும் 155 டிகிரி. டாட் 3 என்றால் புதிதில் 205, ஈரம் சேர்ந்தால் 140. வண்டி வீட்டில் சும்மா நின்றாலும் ஈரம் ஏறும். எஞ்சின் ஆயிலை கிலோமீட்டர் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இதை மறந்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிய பயம் இதுதான்: கொஞ்சம் ஆறியதும் லிவர் மறுபடி கெட்டியாகிவிடும், சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது. இன்னும் சில வளைவு போனால் திரும்பக் கொதிக்கும்.

கொல்லிமலையின் காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பேரோடு வண்டி 300 கிலோ என்று வையுங்கள். 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 9 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களைப் பார்த்தால் கைகாட்டி நிறுத்தத் தோன்றும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கும் கிளட்ச் விட்டுவிடும். மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில்தான். வழியில் நிறுத்தி நிறுத்தி வாருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளலாம்.

மழைக்காலம் முடிந்ததும் என் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இழுத்துப் பிடித்தால் காலிபர் பின்னில் துரு, இல்லையென்றால் பிஸ்டனில் அழுக்கு. அந்த வண்டி சமதரையிலேயே சூடாகும். பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் வைக்க வேண்டும். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

டிரம் பிரேக் சூட்டில் விரிந்து, மிதி கீழே இறங்கும். அந்தச் சூட்டோடு பிரேக்கை இறுக்கும் நட்டை முறுக்காதீர்கள். ஆறியதும் டிரம் சுருங்கி, உள்ளே உரசும் ஷூவைப் பிடித்துக்கொள்ளும்.