அண்ணாந்து குடிக்காதீங்க

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். வீட்டுக்குப் போனவர் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனால் எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. தையல் போட்ட இடத்தில் கசிவா, காலில் ரத்தம் உறைந்துவிட்டதா என்று எல்லாரும் பதறுவார்கள். பதற வேண்டியதுதான், நாடி 120-ஐத் தாண்டினால் நானும் உடனே டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். ஆனால் திரும்பி வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது வாந்தியும் நீர் வறட்சியும்தான்.

ஸ்லீவ் என்கிற எடைக்குறைப்பு ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 100, 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். முதல் வாரங்களில் அதுவும் வீங்கியிருக்கும். அதன் வழியாகத்தான் தினமும் ஒன்றரை லிட்டராவது இறங்க வேண்டும். நம் ஆட்களோ செம்பைத் தூக்கி அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தே வளர்ந்தவர்கள். அப்படிக் குடித்தால் தண்ணீரோடு காற்றும் போகும், நெஞ்சு அடைக்கும், குடித்தது வெளியே வந்துவிடும். அந்தப் பயத்தில் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். "வாய் வச்சுச் சப்பிக் குடிங்க" என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு அம்மா இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டிலேயே வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வந்தபோது நடை தள்ளாடியது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஏன் முன்னாடியே வரவில்லை என்றேன்.

"காசைக் கொட்டி வயித்தை அறுத்துக்கிட்டான்னு நாத்தனார் ஏற்கெனவே பேசுறா சிஸ்டர். மறுபடி ஆஸ்பத்திரின்னா என்ன சொல்லுவா?"

கூட வந்த மகன், "குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பு வந்துடும்" என்று அவசரப்படுத்தினான். டியூட்டி டாக்டர் தையமின் ஊசியை முதலில் போடச் சொன்னார். இந்த பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும், அந்த அம்மாவின் நடை தள்ளாடியதும் பார்வை இரண்டானதும் அதனால்தான். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் பாதிப்பு இன்னும் கூடலாம். தெருமுனை கிளினிக்கில் படுக்கவைத்து இரண்டு பாட்டில் ஏற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அம்மாவுக்குக் கண் சீக்கிரமே சரியானது. நடை நேராக வாரக்கணக்கில் ஆயிற்று.

கூட்டத்தில் இவரும் ஒரு எண்தான். வாந்தி தொடங்கிய மறுநாளே வந்து, சலைன் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவரும் ஒரு எண்தான். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீக்கிரம் வந்தவரைக் குறையாக எண்ணினால், "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்று போனில் சொல்லத்தான் எங்களுக்கும் தோன்றும்.

இப்போது டிஸ்சார்ஜ் நாளில் வீட்டில் கஞ்சி, மோர் கொடுக்கப்போகிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறேன். பிறகு போன் செய்யும்போது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதில்லை. எல்லாரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். இன்று எத்தனை தடவை சிறுநீர் போனது, என்ன நிறம் என்று கேட்கிறேன். "காலையில கொஞ்சம், மஞ்சளா" என்று சாயங்காலம் பதில் வந்தால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வரச் சொல்லிவிடுகிறேன்.