ஐம்பது லிட்டர் தொட்டிக்கு ஒன்றரை கிராம் வாயு

பெரம்பூரில் எங்கள் வீட்டில் மீனோடு நீர்ச்செடியும் வளரும் செடித் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மண்ணும் கல்லும் போக சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். செடி செழிக்க லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரியமில வாயு என்பது செடித் தொட்டிக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. பெருக்கிப் பாருங்கள்: எந்த நேரத்திலும் தொட்டி முழுக்கக் கரைந்திருக்க வேண்டியது வெறும் ஒன்றரை கிராம்.

கொளத்தூர் மீன் தொட்டிக் கடைகளில் கரியமில வாயு சிலிண்டர் செட் விலையைக் கேட்டதும் செடி ஆசையையே விட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லத் தோன்றும். வாயு மலிவு. அதைத் தண்ணீரில் கரைப்பதும், கரைந்ததை ஒரே அளவில் நிறுத்துவதும்தான் பாடு. உங்கள் பணமும் கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் ஒன்று. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா மட்டும் வைத்திருக்கிறீர்கள், விளக்கும் மிதமானது என்றால் தனியாக வாயுவே வேண்டாம். மீன் விடும் மூச்சும், மண்ணில் மக்குகிற கழிவும் கொடுப்பது போதும். ரோட்டாலா சிவக்க வேண்டும், ஹேர்கிராஸ் தரையில் பாயாகப் படர வேண்டும் என்று விளக்கைக் கூட்டும்போதுதான் பசி வருகிறது. வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு வாயு கொடுக்காவிட்டால் செடிக்கு முன்னால் பாசி வளரும். அதனால் செலவில்லாத முதல் வைத்தியம், விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பது.

கரைக்கும் வேலைக்கு நான் நம்புவது உள்ளே வைக்கும் சாதாரண பவர் ஃபில்டரைத்தான். வாயுக் குழாயின் நுனியை அதன் உறிஞ்சும் வாயில் செருகினால், உள்ளே சுழலும் இறக்கை குமிழை அடித்துத் தூளாக்கித் தண்ணீரோடு கலந்துவிடும். வாயுவைப் பொடிக் குமிழாக்கும் செராமிக் டிஃப்யூசர் பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு நல்ல அழுத்தம் வேண்டும். சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு எடுக்கும் ஈஸ்ட் பாட்டிலால் பல நேரம் அதைத் தள்ள முடியாது. ஃபில்டரின் வாயை மேலே தூக்கி அருவி மாதிரி கொட்ட விடாதீர்கள். கரைந்த வாயு அந்தச் சலசலப்பிலேயே பறந்துவிடும். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது: ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிராம் கரையும் வாயு, 30 டிகிரியில் 1.3 கிராம்கூடக் கரையாது.

ஈஸ்ட் முறை எல்லோருக்கும் தெரிந்தது. 2 லிட்டர் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் ஈஸ்ட். கூல்டிரிங்க்ஸ் வந்த பாட்டிலாக இருக்கட்டும். அது அழுத்தம் தாங்கவே செய்யப்பட்டது, தண்ணீர் பாட்டில் தாங்காது. நுரை தொட்டிக்குள் போகாமல் இருக்க நடுவில் ஒரு சிறிய பாட்டிலில் தண்ணீர். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டிரிப்ஸ் செட்டின் சொட்டு அறை குமிழ் எண்ணுவதற்கு அருமையாக உதவும். ஆனால் அதன் உருளைக் கிளிப்பை மட்டும் ஒருபோதும் இறுக்காதீர்கள். புளிப்பு நம் சொல் கேட்டு நிற்காது. வழியை அடைத்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பாட்டில் இரண்டு நாள் வெறி பிடித்தாற்போல் பொங்கிவிட்டு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். மார்கழியில் அதே கலவை இரண்டு வாரம் தாண்டும். தண்ணீர் நிரப்பிய வாளியில் பாட்டிலை நிறுத்துவது, இரண்டு பாட்டிலை ஒரு வார இடைவெளியில் மாற்றி மாற்றித் தொடங்குவது, சர்க்கரைக் கரைசலைக் கடல்பாசியோடு காய்ச்சி ஜெல்லியாக உறையவிட்டு அதன் மேல் ஈஸ்ட் தண்ணீர் ஊற்றுவது என்று ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வழிகள் உண்டு. எல்லாமே ஓரளவுக்குத்தான். ஒரு நாள் நிறைய, மறுநாள் கொஞ்சம் என்று வாயு ஆடினால் இலை ஓரத்தில் கறுப்புத் தாடிப் பாசி பிடிப்பதை நான் பார்த்துவிட்டேன். குறைவாக இருந்தாலும் தினமும் ஒரே அளவு என்பதுதான் செடிக்குப் பிடிக்கிறது.

அதனால்தான் சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு எலுமிச்சை உப்புக்கு. மளிகைக் கடையில், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே சிட்ரிக் அமிலம். 200 கிராம் எலுமிச்சை உப்புக்குச் சுமார் 240 கிராம் ஆப்ப சோடா. இரண்டும் முழுதாக வினைபுரிந்தால் 125 கிராம் அளவுக்குக் கரியமில வாயு. ஒரு பாட்டிலில் அமிலக் கரைசல், இன்னொன்றில் சோடாவும் தண்ணீரும். இரண்டு மூடியையும் இணைக்கும் கிட்டை ஆன்லைனில் விற்கிறார்கள். அமிலப் பாட்டிலை லேசாக அமுக்கினால் கொஞ்சம் அமிலம் சோடாவுக்குள் போகும், வாயு வரும். அழுத்தம் ஏறியதும் அமிலம் நிற்கும், இறங்கினால் மறுபடி சொட்டும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: அழுத்தமானி, நுண்ணிய ஊசி வால்வு, அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு. ஊசி வால்வு இருப்பதால் இரவில் மூடலாம், காலையில் நேற்றைய அதே குமிழ்க் கணக்குக்குத் திறக்கலாம். ஈஸ்டில் கிடைக்காத வசதி இது. எந்த முறையானாலும் தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்பாதபடி வழியில் ஒரு ஒருவழி வால்வு வேண்டும்.

3 அடி, 4 அடித் தொட்டி என்றால் சிலிண்டர்தான் கடைசியில் லாபம். செலவில் பெரும்பகுதி ரெகுலேட்டருக்குப் போகும். உள்ளே அடைக்கும் வாயு சொற்பம். சோடா கம்பெனிக்காரர்களும் இதே வாயுவைத்தான் வாங்குகிறார்கள், எங்கே நிரப்பலாம் என்று அவர்களைக் கேளுங்கள். எங்கள் பக்கத்து சோடாக்காரர் சொன்னது: "தம்பி, கழுத்துல பொறிச்சிருக்கிற டெஸ்ட் தேதிய மொதல்ல பாரு, அப்புறம் வெலயப் பேசு." பழைய சிலிண்டர் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. சிலிண்டரில் திரவமாக அடைத்த வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாகவே இருக்காது, எல்லாம் அழுத்த வாயுதான். சென்னையில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். வெயில் படாத மூலையில், நிமிர்த்தி, சுவரோடு கட்டி வையுங்கள். அந்த வெப்பத்துக்குக் கீழே மீட்டர் முள் திரவம் தீரும்வரை அசையாது என்பதால், எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட்டுப் பார்ப்பதே சரி.

‘திரவ கார்பன்’ என்று விற்பதில் இருப்பது கரியமில வாயு அல்ல, பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கிருமி நீக்கும் மருந்தும் அதுதான். பாசியை அடக்கும், வாலிஸ்நேரியாவைக் கரைத்தும் விடும். மலிவு என்று ஆஸ்பத்திரிக் கரைசலையே வாங்கி ஊற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அதன் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவு பார்க்க ஒரு டிராப் செக்கர் போதும், தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் சின்னக் குமிழ்க் கிண்ணம் அது. அதற்குள் தொட்டித் தண்ணீர் ஊற்றக் கூடாது. 4 கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி) கரைசலும், நிறம் மாறிக் காட்டும் புரோமோதைமால் நீலமும் ஊற்ற வேண்டும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மிகை. நிறம் மாற ஓரிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாயுவைத் திறந்து, முதல் சில நாள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கூட்டிப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் செக்கர் பச்சையாகவே இருந்தாலும் வாயுவை நிறுத்தி ஏர் பம்பைப் போடுங்கள். ஈஸ்ட் வைத்திருப்பவர்கள் விளக்கு அணைந்ததிலிருந்து காலை வரை ஏர் பம்பை ஓட விட்டே ஆக வேண்டும்.