விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லையாம்!

கடன் கேட்டு நடையாய் நடந்த எனக்கே கடனில் விருப்பமில்லை என்று ஒரு வங்கிக் கிளை எழுதிவிட்டது. இப்போது கொளத்தூரில் என் மசாலாப் பொடி யூனிட் ஓடுகிறது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அந்த வரியை நினைத்தால் இன்னும் எரிகிறது. பி.எம்.இ.ஜி.பி. என்ற, புதுத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு வங்கி தரும் கடனைக் கேட்டு, ஒரு தடவை நிராகரிக்கப்பட்டு, 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று ஒதுங்கிவிட்டவர்களுக்காகத்தான் இது.

ஆன்லைன் விண்ணப்பத்தில் சிரமம் எதுவும் இல்லை. மற்ற மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையம் செய்கிற வேலையைச் சென்னையில் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகம் பார்க்கிறது. அங்கே தாள்களைப் பார்த்து வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். திட்ட அறிக்கை தயாரித்துத் தருகிறேன், மானியத்தையும் வாங்கித் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். பணம் கொடுக்காதீர்கள். மாதிரி அறிக்கைகள், இந்தத் திட்டத்தை நடத்தும் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அரவை இயந்திரம், வறுக்கும் இயந்திரம், பாக்கெட் ஒட்டும் இயந்திரம் மூன்றுக்கும் ஜி.எஸ்.டி. எண் போட்ட கொட்டேஷன் வாங்கி, அந்த விலைகளை மாதிரியில் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

என் திட்ட மதிப்பு 8 லட்சம். பெண் என்பதால் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 40,000 ரூபாய். நகர்ப்புறம் என்பதால் மானியம் 25 சதவீதம்.

வங்கிக்குப் போனதும் முதல் கேள்வி, "சொத்துப் பத்திரம் இருக்காம்மா?" இல்லை என்றேன். "வீட்டுக்காரர் பேரில்? அப்பா பேரில்?" 10 லட்சத்துக்குள் இருக்கும் சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்று சொன்னேன். அந்த அதிகாரி, பள்ளிக்கூடப் பிள்ளை திருக்குறள் ஒப்பிப்பதைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பேப்பர்ல நல்லா இருக்கும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரம் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அதற்கடுத்த வாரம் அந்த அதிகாரியே லீவு. கடைசியில் ஒருநாள் விண்ணப்பித்த போர்ட்டலைத் திறந்தால் நிராகரிப்பு. காரணம்: விண்ணப்பதாரருக்கு ஆர்வம் இல்லை!

வீட்டில் எல்லோரும் விடச் சொன்னார்கள். நான் மறுபடி கிண்டிக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் திரையைப் பார்த்துச் சிரித்தார். இந்தக் காரணத்தை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. "அந்தக் கிளைக்குப் போனதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா மேடம்?" என்று கேட்டார். எனக்கு விவரம் புரிந்தது அப்போதுதான். வாயால் சொன்ன 'அடுத்த வாரம் வாங்க' எதுவும் எங்கும் பதிவாகவில்லை. பதிவானது அவர்கள் எழுதிய ஒரு வரி மட்டும்தான்.

அவர் சொன்னபடி, கடனில் எனக்கு முழு விருப்பம் இருக்கிறது, அடமானம் கேட்டார்கள், தேதிவாரியாக இத்தனை தடவை வந்தேன் என்று கடிதம் எழுதினேன். ஒரு நகலைக் கிளையில் கொடுத்து, இன்னொன்றில் முத்திரை வைத்து வாங்கினேன். முத்திரை வைக்க யோசித்தார்கள். சரி, பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றதும் வைத்துவிட்டார்கள். மற்றொரு நகல், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்குப் போனது. விண்ணப்பத்தில் மாற்று வங்கி என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் நான் குறிப்பிட்டிருந்த கிளைக்கு விண்ணப்பம் மாறியது. பலர் அந்தக் கட்டத்தில் ஏதோ ஒரு பெயரைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வரவு செலவு நடக்கிற கிளையைப் போடுங்கள்.

இரண்டாவது கிளையிலும் தடங்கல், ஆனால் நியாயமானது. அங்கிருந்த பெண் அதிகாரி என் சிபில் அறிக்கையை, அதாவது நான் வாங்கிய கடன்களின் வரலாற்றை, அச்செடுத்து ஒரு வரியில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். எப்போதோ தவணையில் வாங்கி, கட்டி முடித்த மொபைல் போனுக்கு இன்னும் பாக்கி இருப்பதாகக் காட்டியது. கடன் முடிந்ததை அந்த ஃபைனான்ஸ் நிறுவனம் தெரிவிக்கவே இல்லை. கஸ்டமர் கேரில் பேசியது வீண். முடித்த கணக்குக்கான சான்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, சிபில் தளத்தில் புகார் பதிந்தேன். 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனக்கு இழப்பீடு கிடைக்கவில்லை, கெடுவுக்குள் திருத்திவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். கடன் கேட்பதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதற்குள் கொட்டேஷனின் கெடு முடிந்து அரவை இயந்திரத்தின் விலை ஏறியிருந்தது. விற்பனையாளரிடம் கெஞ்சிப் பழைய விலைக்கே புதுத் தேதியில் வாங்கினேன். முதல் கிளை இழுத்தடித்ததற்கு நான் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

அப்புறம் கடன் ஒப்புதல், ஆன்லைன் தொழில்முனைவோர் பயிற்சி எல்லாம் மளமளவென்று நடந்தன. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் அப்போதைய விதிப்படி உணவுப் பாதுகாப்பில் அடிப்படைப் பதிவே போதுமானதாக இருந்தது. கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 கேட்டார்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற தளம் வந்தால் உடனே மூடிவிடுங்கள்.

மானியம் 2 லட்சம் கைக்கு வரும் என்று நினைத்துச் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள். அது உங்கள் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாக இருக்கும், அதன் பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அந்த வைப்புக்கு வட்டி தரமாட்டார்கள், கடனில் அதே அளவு தொகைக்கு வட்டி வாங்கவும் கூடாது. எனக்குக் கொடுத்த கடன் 7.6 லட்சம் என்றாலும், மானியம் வந்த பிறகு வட்டி 5.6 லட்சத்துக்குத்தான். ஸ்டேட்மென்ட் வாங்கி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிப்பதற்கு முன் நேரில் வந்து பார்ப்பார்கள், அதனால் இயந்திர பில்களைப் பத்திரமாக வையுங்கள். நடுவில் இடம் மாறினால் கிளைக்கு எழுத்தில் சொல்லி, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.