ஓப்பன்என்எம்எஸ் ஓட ஆரம்பித்துவிட்டது

பில் போடுகிற சர்வர் படுத்துவிட்டது என்பதைக் கடைக்காரர் போன் போட்டுச் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா? மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் ஆடிக் கூட்டம் நிற்கும்போது அந்த போன் வந்தால் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் எங்கள் கே.கே.நகர் ஆபீஸில் இன்று ஓப்பன்என்எம்எஸ் ஏற்றினோம். நெட்வொர்க்கில் உள்ள மெஷின்கள் ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் மென்பொருள் இது. 1999இல் தொடங்கிய திட்டம், ஜாவாவில் எழுதியது, ஓப்பன் சோர்ஸ்.

முதலில் ஜாவா 17, அப்புறம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை கான்ஃபிக் ஃபைலில் கொடுத்து, எந்த ஜாவா என்று காட்டிவிட்டு, அதன்பிறகே இன்ஸ்டால் ஸ்கிரிப்ட். அது டேபிள்களை உருவாக்கி முடிக்கும்வரை சர்வீஸைத் தொடக்கூடாது.

முதல் தடவை எழுந்து நிற்க நேரம் எடுக்கும். பிரவுசரில் 8980 போர்ட்டில் அதன் பக்கம் உடனே வராது; பதறிப்போய் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள், லாக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டுக்கும் அட்மின் என்று கொடுத்து உள்ளே போனதும் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: ஒவ்வொரு மெஷினும் ஓடுகிறதா என்று வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கிறது. ஏதாவது விழுந்துவிட்டால் முதல் 5 நிமிடம் 30 நொடிக்கு ஒருமுறை பார்க்கிறது. சோதனைக்கு ஒரு மெஷினின் கேபிளைப் பிடுங்கினோம். திரையில் ‘நோட் டவுன்’ (அந்த மெஷின் விழுந்துவிட்டது) என்று வந்ததும், “அண்ணே, பிடிச்சிருச்சு!” என்று தம்பி துள்ளிவிட்டான். அவன் சந்தோஷம் எனக்கும்தான்.

நோட்டிஃபிகேஷன் தொடக்கத்தில் ஆஃபில் இருக்கும், அட்மின் பக்கத்தில் ஆன் செய்தால்தான் மெயில் வரும். அடுத்து கடைகளின் ரவுட்டர்கள். ரவுட்டர் போன்ற கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி முறை பழகியவர்கள் மதுரையில் இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.