இந்தக் கோணம் எந்த வில்லைப் பார்க்கிறது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்து, கணக்கு என்றாலே அஞ்சிக்கொண்டிருந்த பிள்ளைகளும் கரையேறிவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். அடுத்த ஆண்டு இவ்வகுப்பை எடுக்கவிருக்கும் ஆசிரியர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியலுக்குள் நுழையுமுன், ஒன்பதாம் வகுப்பின் வட்டவில் தேற்றங்களுக்கு ஒருமுறை திரும்புங்கள்.

அடிப்பக்கம், அதற்கு எதிரேயுள்ள உச்சிக்கோணம், உச்சியை அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைக்கும் நடுக்கோடு ஆகியவற்றைத் தந்து முக்கோணம் வரையும் கணக்கைப் பல இடங்களில் வெறும் படிகளாகவே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். இது எனக்கு ஆற்றாமை தருகிறது. 8 செ.மீ. அடிப்பக்கத்தின் ஒரு முனையில் கீழ்நோக்கி உச்சிக்கோணமான 60° வரைந்து, அக்கோட்டுக்கு அம்முனையிலேயே செங்குத்து எழுப்பி, அது அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டை (நடுப்புள்ளி வழியே செங்குத்தாகச் செல்லும் கோட்டை) வெட்டும் புள்ளியை வட்டமையமாகக் கொள்கிறோம். கீழே வரைந்த கோடு வரப்போகும் வட்டத்தின் தொடுகோடு என்பதும், அது நாணாகிய அடிப்பக்கத்தோடு அமைக்கும் கோணமே நாணுக்கு மறுபுறமுள்ள மாற்று வட்டத்துண்டில் எப்புள்ளியிலும் அமையும் என்பதும், ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து என்பதும் புரிந்த பிள்ளை, ஒரு படி மறந்தாலும் தானே மீட்டுக்கொள்ளும்.

இதற்காக, ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணத்தில் பாதியையே வட்டத்தின் மீதிப் பகுதியில் தாங்கும் என்ற தேற்றத்தைச் சோதிக்க, மையத்தில் 140° தாங்கும் நாணை ஒவ்வொருவரையும் வரையச் சொன்னேன். பெரிய வில்லின் மேல் விரும்பிய இடங்களில் புள்ளி வைத்துக் கோணமானியால் அளந்தார்கள், எங்கும் 70°. பிறகு சிறிய வில்லின் மேல் ஒரு புள்ளி. அளந்தால் 110°.

"டீச்சர், தேற்றம் தப்பா?" என்றாள் ஒரு மாணவி.

"இந்தக் கோணம் எந்த வில்லைப் பார்க்குதும்மா?"

அவள் பெரிய வில்லைப் பென்சிலால் அழுத்தி வரைந்தாள். சற்று நேரத்தில், "மையத்துல 220°, அதுல பாதி" என்றாள். நான்கு முனைகளும் வட்டத்தின் மேலிருக்கும் வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களின் கூடுதல் ஏன் 180° ஆகிறது என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியை ஆண்டு முழுவதும் கேட்டேன். இத்தலைப்பில் வேறெதுவும் அதற்கு ஈடாகவில்லை.

மேலும் சில:
உதவிப்படம் இல்லாத விடைத்தாளை வகுப்புத் தேர்வில் திருப்பிக் கொடுங்கள்.
கவராயத்தின் திருகு தளராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.
கோணத்தின் கைகளுக்கிடையே அடங்கும் வில்லை வண்ணமிடாமல் கணக்கைத் தொடங்க விடாதீர்கள்.

நடுக்கோட்டின் நீளத்தை ஆரமாகக் கொண்டு அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து வெட்டும் வில், வட்டத்தை இரண்டு இடங்களில் சந்திக்கக்கூடும். அவை ஒன்றுக்கொன்று பிம்பமாக அமைவதால் எதை உச்சியாகக் கொண்டாலும் விடை சரியே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் நன்றாக வரைந்த பிள்ளைகள்கூடத் தேர்வறையில் அந்த இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.