தோற்றவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்

பிரான்ஸின் லியோன் நகரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 'பொக்யூஸ் தோர்' என்ற சமையல் போட்டி நடக்கிறது. புகழ்பெற்ற சமையல் கலைஞர் பால் பொக்யூஸ் 1987-ல் தொடங்கிவைத்த போட்டி இது. தொலைக்காட்சிச் சமையல் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறோர் உலகமாகத் தெரியும். வரிசையாகத் திறந்த சமையலறைகள், எதிரே நடுவர்கள், அவர்களைத் தாண்டி கொடியும் மேளமுமாக ஆர்ப்பரிக்கும் கூட்டம். அந்த இரைச்சலுக்கு நடுவே ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் சமைக்க வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு சமையல் கலைஞர், அவருக்கு ஓர் இளம் உதவியாளர். பயிற்சியாளர் வெளியே நின்று வாயால் சொல்லலாம். கை வைக்கக் கூடாது. ருசி பார்க்கும் நடுவர்கள் தவிர, சமையலறையின் சுத்தத்தையும் வீணாகும் பொருளையும் கவனிக்கும் நடுவர்களும் உண்டு.

கோவையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவைக் கவனித்துக்கொள்பவன் நான். பம்ப் பாகங்கள் வார்க்கிற எனக்கு பிரான்ஸ் சமையல் போட்டியில் என்ன வேலை என்று வீட்டில் கேட்பார்கள். வென்றவர்களைவிட, தங்கம் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதே என்னை அந்தப் போட்டியின் பக்கம் இழுத்தது.

டென்மார்க்கின் ராஸ்முஸ் கோஃபோட் 2005-ல் வெண்கலம் வாங்கினார். அந்தப் பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் தன் தொழிலைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2007-ல் மறுபடி போனார், வெள்ளி. அதே ஆண்டு கோபன்ஹேகனில் 'ஜெரேனியம்' உணவகத்தைக் கூட்டாளியுடன் தொடங்கினார். 2009-ல் அது மூடப்பட்டது. 2010-ல் ஒரு கால்பந்து மைதானக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் மீண்டும் திறந்தார்கள். கடையை மறுபடி நிமிர்த்த வேண்டிய அந்த நெருக்கடியிலேயே மூன்றாவது முறையாகப் போட்டிக்கும் போய், 2011-ல் தங்கம் வென்றார். அந்தப் போட்டியின் மூன்று பதக்கங்களையும் வாங்கியவர் அவர்.

அந்த மூன்றாவது பயணத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பெயர் இல்லாதவன் போட்டியில் தோற்றால் யாருக்கும் தெரியாது. வெள்ளி வாங்கியவர் திரும்பிப் போய் ஏழாவது இடத்தில் வந்திருந்தால் ஊரே பேசியிருக்கும். எல்லாம் தெரிந்தவர் என்று உலகம் ஒப்புக்கொண்ட பிறகும், தன் தட்டை இன்னொருவர் முன் வைத்து "இதில் என்ன குறை?" என்று கேட்க ஒரு மனம் வேண்டும். பணிவு என்று நான் மதிப்பது அந்த மனத்தைத்தான். நம் அலுவலகங்களில் மேலதிகாரி வரும்போது எழுந்து நிற்பவரைப் பணிவானவர் என்கிறோம். முதலில் எழுந்து நிற்கிற சிலர், தங்கள் வேலையில் ஒரு குறையைக்கூடக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் குறை இருப்பதால் கழிக்கப்பட்ட காஸ்டிங்குகளை, அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்த்த பாகங்களை, தினமும் காலையில் ஒரு மேசையில் பரப்பி வைப்போம். ஒன்றில் காற்றுத் துளை இருக்கும், இன்னொன்றில் மணல் ஒட்டியிருக்கும், வேறொன்றில் கோர், அதாவது பாகத்தின் உள்ளே வெற்றிடம் வர அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி, நகர்ந்திருக்கும். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பேசத் தொடங்குவார்கள். மணல் சரியில்லை என்பார் ஒருவர். உலோகத்தின் சூடு போதவில்லை என்பார் இன்னொருவர். கோர் செய்த பிரிவைக் கேளுங்கள் என்பார் மூன்றாமவர். இவையெல்லாம் பல நேரம் உண்மையாகவும் இருக்கும், சிக்கலே அதுதான். எங்களிடம் ஒரு மூத்த மோல்டர், மணலில் அச்சு செய்பவர், இருக்கிறார். தான் செய்த அச்சில் வார்த்த காஸ்டிங் மேசையில் இருந்தால், எதுவும் பேசாமல் அதை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். பிறகு, "உடைத்துப் பார்த்துவிடலாம் சார்" என்பார். அவர் அப்படிச் சொன்ன நாட்களில் மற்றவர்களும் யார் மேல் தவறு என்பதை விட்டுவிட்டு எங்கே தவறு என்று தேடத் தொடங்குவார்கள். எந்தப் பயிற்சி வகுப்பாலும் எங்களுக்குக் கிடைக்காத மாற்றம் அது.

இதில் நிர்வாகத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. கழிவு கூடினால் தொழிலாளியின் ஊக்கத்தொகையைப் பிடிக்கிற இடத்தில் யாரும் தன் காஸ்டிங்கை உடைத்துப் பார்க்கச் சொல்ல மாட்டார்கள், மறைக்கத்தான் பார்ப்பார்கள். லியோனில் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், பிழைப்பைப் பறிப்பதில்லை. பயத்தில் வைத்திருக்கும் ஆட்களிடம் போய்ப் பணிவு வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. அதனால் அந்தக் காலைக் கூட்டத்தில் சொல்லப்படும் எதையும் சம்பளத்தோடு இணைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரியானது. இந்தப் போட்டியில் அந்த நாட்டுக்கு நெடுங்காலம் பதக்கமே கிடைக்கவில்லை. 2015-ல் பிலிப் டெஸியர் வெள்ளி வென்று அந்தக் குறையைத் தீர்த்தார். தங்கத்துக்கு ஒரு படி கீழே நின்றவர், மறுமுறை தானே போக ஆசைப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 2017-ல் மேத்யூ பீட்டர்ஸ் களத்தில் இறங்கினார். டெஸியர் பயிற்சியாளராக வெளியே நின்றார். அந்த முறை அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைத்தது.

கோஃபோட் தானே திரும்பிப் போனார், டெஸியர் இன்னொருவரை முன்னே விட்டார். யார் செய்தது உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் தொழிலுக்கு டெஸியரின் வழிதான் அவசரத் தேவை. ஈர மணலைக் கையில் அள்ளி இறுக்கி, உடைத்துப் பார்த்தே "இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்" என்று சொல்லக்கூடிய மோல்டர்கள் எங்களிடம் உண்டு. சோதனைக் கருவி பிறகு அதையே சொல்லும். அவர்களில் சிலர் அந்தக் கைப்பழக்கத்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே ஓய்வுபெற்றுப் போகிறார்கள். தெரிந்ததைச் சொல்லிவிட்டால் தனக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அப்படி அவர்களை அஞ்ச வைத்ததில் நம் தொழிற்சாலைகளுக்கும் பங்கு உண்டு. சொல்லிக்கொடுத்தவரை யாரும் இதுவரை பெரிதாகக் கொண்டாடியதில்லை.

எங்கள் பிரிவின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இப்போது ஒரு புதிய கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: நீங்கள் விடுப்பில் போனால் உங்கள் வேலையை அதே தரத்தில் செய்யக்கூடியவர் யார், அவருக்கு நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தீர்கள்? மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. உற்பத்தியை அளக்கலாம், இதை எப்படி அளப்பீர்கள் என்று மேலாளர்களும் கேட்கிறார்கள். பதிலில் எழுதப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, மூத்தவர் இல்லாத ஒரு ஷிப்டில் அச்சு செய்யச் சொல்வேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். முதல் பெயரைக் கொடுத்தவர், "உடைத்துப் பார்த்துவிடலாம் சார்" என்று சொல்லும் அந்த மோல்டர்தான்.