பழைய ஜப்பான் செடான் வாங்கிய அனுபவம்: "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னவர்களிடம் நான் பார்த்தவை

ஒருவழியாக வண்டி கைக்கு வந்துவிட்டது. டொயோட்டா கொரோலா, ஒரே ஓனர், சர்வீஸ் பில்லெல்லாம் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். அந்த வண்டியைப் பார்த்ததும் பேசியதும் பணம் கட்டியதும் சிக்கல் இல்லாமல் முடிந்தன. அதற்கு முன்னால் பார்த்த வண்டிகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கே போனாலும் ஒரே பதில்: "ஜப்பான் வண்டி சார், கண்ணை மூடிட்டு எடுங்க, ஒண்ணும் ஆகாது." ஜப்பான் வண்டி நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றி, கூலண்ட் பார்த்து, ஒழுங்காக வைத்துக்கொண்ட வண்டிக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். பராமரிக்காத வண்டியை விற்கவும் அதே பேரைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் ஒரு வெட்டி அலைச்சல். போனில் தெளிவாகக் கேட்டேன்: ஒரிஜினல் ஆர்சி கையில் இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா? "எல்லாம் கையிலேயே இருக்கு, வாங்க" என்றார். நெடுந்தூரம் போய் இறங்கினால் ஜெராக்ஸ்தான் இருக்கிறது, ஒரிஜினல் ஃபைனான்ஸ் கம்பெனியில். பாக்கியை நான் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டுமாம்! வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் திரும்பினேன். அதன் பிறகு, கிளம்பும் முன் ஒரிஜினல் ஆவணத்தின் படம், வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் படம், இன்றைய ஓடோமீட்டர் படம் மூன்றும் வந்தால்தான் பயணம் என்று வைத்துக்கொண்டேன். அனுப்பத் தயங்கினவர்களை அப்படியே விட்டுவிட்டேன்.

சேஸிஸ் நம்பர் முன்கூட்டியே கிடைத்தால் இன்னொரு முக்கியமான வேலை நடக்கும்: ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்றித் தரத் தயாரித்த கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி உண்டா என்று பார்ப்பது. ஏர்பேக் செய்த ஜப்பான் கம்பெனியான டகாட்டாவின் விவகாரம் பலருக்கு மறந்தே போய்விட்டது. அந்த ஏர்பேக்கை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெயிலிலும் ஈரக்காற்றிலும் வருஷக்கணக்கில் கெட்டுப்போய், விபத்தின்போது பையை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டரே வெடித்து இரும்புச் சில்லு முகத்தில் பாயும். உயிர்கள் போயிருக்கின்றன. டகாட்டா 2017-ல் திவாலானது. ஆனால் மாற்றப்படாத ஏர்பேக்கோடு வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2000-களிலும் 2010-களின் முதல் பாதியிலும் வந்த பல ஜப்பான் செடான்கள் அந்தப் பட்டியலில் உண்டு. தயாரித்த கம்பெனியின் ரீகால் பக்கத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மாற்றித் தருவது இலவசம். தயவுசெய்து இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

மாடலுக்கு மாடல் தெரிந்த நோய்களும் உண்டு, அதையும் வீட்டிலிருந்தே படித்துவிட்டுப் போகலாம். 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் போட்ட 2007-2009 கேம்ரியில் ஆயில் குடிக்கும் பிரச்சினை. 2006-2009 சிவிக் 1.8-ல் சிலவற்றுக்கு இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டு கூலண்ட் கசிந்தது. 2010-களின் நிஸான் ஆல்டிமா, சென்ட்ராவில் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் தொல்லை. இவை தெரிந்தால் எந்த இடத்தில் கூடுதலாகக் குனிந்து பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

அடுத்து ஒரு டீலர். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லியிருந்தும், போய் பானட்டில் கை வைத்தால் சுடுகிறது. "உங்களுக்காகத்தான் வார்ம் பண்ணி வெச்சோம்" என்றார்கள். மறுநாள் காலையில் சொல்லாமல் போய் நின்றேன். ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸரில் நீலப் புகை. கொஞ்சம் சூடானதும் காணாமல் போனது. இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ஆயில் எரிகிறது, அதனால்தான் முந்தின நாள் அவ்வளவு அக்கறை. நீலப் புகை ஆயில்; சூடான பிறகும் அடர்த்தியாக வரும் வெள்ளைப் புகை கூலண்ட். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆறின வண்டியைப் பார்க்க விடாத ஆளிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

மூன்றாவது வண்டிதான் என்னை அதிகம் வேகவைத்தது. வெள்ளை செடான், உள்ளே புத்தம்புதுசு போல, டெஸ்ட் டிரைவிலும் குறையில்லை. "ஆக்ஸிடென்ட் இல்லை, டச்சப்கூட கிடையாது" என்று சத்தியம் செய்தார்கள். வேறு பார்ட்டி வருகிறது என்று அவசரப்படுத்தியதால் அட்வான்ஸ் கொடுத்தேன். ஆனால் ரசீதிலேயே ஒரு வரி எழுதி, கையெழுத்தும் வாங்கினேன்: என் மெக்கானிக் சோதனையில் விபத்தோ மீட்டர் திருத்தமோ தெரிந்தால் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும். எழுதுவதற்கே முகம் சுளித்தார்கள்.

மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான குறைகளைப் படிக்கும் கருவி) சொருகினார். ஃபால்ட் கோடு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற சேல்ஸ்மேன் முகம் மலர்ந்தது. மெக்கானிக் அதோடு நிறுத்தாமல் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுவது) பக்கத்தைத் திறந்தார். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், ஈவாப் (பெட்ரோல் ஆவி அமைப்பு) எல்லாமே "முடியவில்லை" என்று காட்டின. கோடுகளை அழித்தால் இந்த மானிட்டர்களும் பூஜ்யத்துக்குப் போய்விடும். வண்டி பல விதமாக ஓடி முடித்தால்தான் திரும்ப நிறைவடையும். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகும் என்பதால் "நேத்துதான் பேட்டரி மாத்தினோம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். பேட்டரி டெர்மினலில் வருஷக்கணக்கான பச்சைப் பூப்பு அப்படியே இருந்தது.

பிறகு பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும் பெயிண்ட் மீட்டர். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். கதவுகளில் அப்படித்தான் காட்டியது. பின்சக்கரத்தைச் சுற்றியிருக்கும் இடது குவார்ட்டர் பேனலில் வைத்ததும் 600-ஐத் தாண்டியது. கீழே முழுக்கப் பட்டி. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை எடுத்தோம். வலது ஓரத்தில் தொழிற்சாலை சீலன்ட் ஒரே அகலத்தில் கோடு போட்டதுபோல ஓடியது. இடது ஓரத்தில் விரலால் இழுத்துத் தடவிய தடம் தெரிந்தது. அந்தப் பக்க டெயில் லேம்ப் போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பின்கண்ணாடியில் இருந்த தயாரிப்பு வருஷம் வண்டியின் வருஷத்தைவிடப் பிந்தியது.

முன் ஃபெண்டர் மாற்றியிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது போல்ட்டில் நிற்கிற பாகம். குவார்ட்டர் பேனல், பில்லர், சேஸிஸ் ரெயில் எல்லாம் வெல்டிங்கில் நிற்பவை. அங்கே வெட்டி ஒட்டியிருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஏர்பேக் விளக்கையும் கவனியுங்கள்: சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கலாம். வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்பாகத்தை வைத்து விளக்கை அணைக்கிற வேலையும் நடக்கிறது.

அட்வான்ஸைக் கேட்டதும் அவர்கள் பேச்சே மாறிவிட்டது. கேஷியர் "மேனேஜர் இல்லை" என்றார், மேனேஜர் "ஓனரைக் கேட்கணும்" என்றார், ஓனர் போனை எடுக்கவில்லை. ரசீதை மேஜையில் வைத்துவிட்டு, அந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்தேன். வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. மேனேஜருக்கு உடனே அதிகாரம் வந்துவிட்டது. முழுப் பணமும் எண்ணிக் கொடுத்தார்.

வெள்ளத்தில் நின்ற வண்டி ஒன்றையும் பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு கட்டியிருந்தது, சீட்டுக்கு அடியில், சீட் நகரும் ரெயில் முழுக்கத் துரு. கார்பெட் மட்டும் புதுசு. உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை மெல்ல வரும்.

ஜப்பானில் ஓடி ஏலத்தில் வந்த வண்டியென்றால் ஆக்‌ஷன் ஷீட் (ஏலத்தில் வண்டியைச் சோதித்து எழுதிய தாள்) காட்டுவார்கள். 4.5, 4, 3.5 என்று கிரேடு இருக்கும். ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்துப் பழுது பார்த்த வண்டி. தாளில் உள்ள வண்டி வரைபடத்தில் ஏ என்றால் கீறல், யூ நசுங்கல், டபிள்யூ பெயிண்ட் வேலை, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். போலி ஷீட் அடிப்பது கஷ்டமில்லை. அதனால் விற்பவர் நீட்டும் தாளை நம்பாமல், சேஸிஸ் நம்பரை வைத்து நாமே தனியாக ஒரு பிரதி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சிவிடி வண்டியென்றால் நெடுஞ்சாலையில் பறப்பதைவிட மெதுவாக ஓட்டுவதுதான் சோதனை. நின்ற இடத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு நகர்த்தும்போது அதிர்வு வருகிறதா, மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது தயங்குகிறதா என்று பாருங்கள். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் தேடுங்கள். ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிஸானுக்கு என்எஸ்-3 என்று மாடலுக்கேற்ப தனித்தனி ஆயில் உண்டு. "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்கிற கடையில் ஊற்றியிருந்தால் எனக்கு அந்த வண்டி வேண்டாம்.

கடைசியாகச் சாவி. ஸ்மார்ட் கீ இரண்டும் கைக்கு வருகிறதா என்று பேரம் முடியும் முன்பே கேளுங்கள். ஒன்று தொலைந்திருந்தால் புதுச் சாவி வாங்கி இம்மொபிலைசரில் (பதிவான சாவி இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத அமைப்பு) பதிவு செய்வது நல்ல செலவு. அதை விலையில் கழித்துக்கொண்டு, பழைய சாவியின் பதிவையும் அழிக்கச் சொல்லுங்கள். கொரோலாக்காரர் இரண்டையும் முதலிலேயே மேஜையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் விலையே பேசினார்.